புதிய அறிவியல் ஆசிரியருக்குத் துணை யார்?

2013 ஆகஸ்டில் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, அடுத்த ஆண்டு, பழைய படிப்புகளின் மதிப்பெண்ணையும் சேர்த்துத் தரவரிசை போட்ட ‘வெயிட்டேஜ்’ கணக்கில் பணியைத் தவறவிட்ட ஒரு விலங்கியல் பட்டதாரியை எண்ணிப் பாருங்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமம். அப்போது வயது இருபத்து நான்கு என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு மறுபடி பெரிய அளவில் போட்டித் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரி 4 அன்று. அந்தத் தேர்வறைக்குள் போய் உட்கார்ந்தபோது அவர் முப்பத்தைந்தை நெருங்கியிருப்பார். அதில் வென்று, சென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்கு அவர் வந்து சேர்ந்தால், வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கடைசியில் இருக்கும். பிள்ளைகளும் சக ஆசிரியர்களும் அவரைப் ‘புது டீச்சர்’ என்பார்கள்.

அந்தப் பத்து ஆண்டுகள் எப்படிப் போயின என்று அரசின் எந்தப் படிவமும் கேட்பதில்லை. பலருக்கு அது பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளியில் மாதம் சில ஆயிரங்களுக்குப் பாடம் எடுத்த காலம். காலையில் பள்ளி வேனில் ஏறி, மாலையில் இறங்கி, பிறகு வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுத்து, எல்லோரும் தூங்கியபின் தேர்வுக்குப் படித்த காலம். திருமணமும் பிள்ளைப்பேறும் அதற்குள் வந்திருக்கும். பயிற்சி மையத்துக்கு நகையை அடகு வைத்துக் கட்டிய பணமும், வழக்கு, தடை, ஒத்திவைப்பு என்று செய்தி வந்த நாட்களும் அதற்குள் அடக்கம். சிலர் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார்கள். சிலர் அப்பாவின் நிலத்தில் இறங்கி வேலை பார்த்தார்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இன்று பேராசிரியர் அன்பழகன் பெயர் தாங்கி நிற்கும், டிபிஐ எனப்படும் பள்ளிக் கல்வித் துறை வளாகத்தின் முன்னால் கோரிக்கை அட்டையோடு வெயிலில் உட்கார்ந்தவர்களும் உண்டு. 2023 அக்டோபரில் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என உயர்த்தப்பட்டது. காத்துக் கிடந்தவர்களுக்கு அது நியாயமான முடிவு. ஆனால், புதிய ஆசிரியர் என்றதும் கல்லூரியிலிருந்து நேரே வந்த இளைஞரின் முகம்தான் நம் கொள்கை வகுப்போர் மனத்தில் இன்னும் எழுகிறது. வகுப்பறைக்குள் நுழைகிறவரோ பாதி வாழ்க்கையைப் பார்த்துவிட்டவர்.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க ஆண்டுக்கணக்கில் செலவிடுகிறோம். தேர்ந்தெடுத்தவரை அவர் போகப்போகும் பள்ளிக்குத் தயார்ப்படுத்த ஏறக்குறைய ஒன்றுமே செலவிடுவதில்லை. எல்லாப் பாடங்களுக்கும் இது பொருந்தும் என்றாலும், அறிவியல் பாடமும் பெருநகரத்து ஏழைப் பிள்ளைகளும் சேரும் இடத்தில் இந்தக் குறை மிக ஆழமாக வலிக்கிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

முதலில் தேர்வு. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுத, தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆசிரியர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை என்று அன்று ஊரெல்லாம் பேசினார்கள். அவர்களைப் படிக்கவைத்த கல்லூரிகள் எவை, அங்கே என்ன நடந்தது என்ற கேள்வி அந்தப் பேச்சில் எழவே இல்லை.

இரண்டாம் தாளின் அமைப்பைப் பாருங்கள். மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். இதைத் தாண்டினால் 2018-ம் ஆண்டு அரசாணையின்படி இன்னொரு போட்டித் தேர்வு. அதற்குள் ஒரு தமிழ்த் தகுதித் தாள். இவை எதிலும் ஒருவர் கையில் ஒரு குவிலென்சைக் கொடுத்து, “இதன் குவியத் தொலைவை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுங்கள்” என்று யாரும் கேட்பதில்லை. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் அப்படிக் கேட்க முடியாது என்பது புரிகிறது. அப்படியானால், தேர்வு முடிந்தபின் வேறொரு இடத்தில் அதைக் கேட்டாக வேண்டும். தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். அந்த இடம் நம் அமைப்பில் இல்லை.

பி.எட். படிப்பு அதைச் செய்யவில்லையா என்று கேட்கலாம். 2015-16 முதல் அது இரண்டு ஆண்டுப் படிப்பு. குறைந்தது இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. சைதாப்பேட்டையில் 1856-ம் ஆண்டு மரபில் வரும் ஆசிரியர் கல்லூரியிலோ, மெரினா எதிரே 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் கல்லூரியிலோ படித்தவர்கள் அந்த வாரங்களைச் சென்னை நகரப் பள்ளிகளில் கழித்திருப்பார்கள். ஆனால் நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் படித்தது சொந்த மாவட்டத்துத் தனியார் பி.எட். கல்லூரிகளில். அவற்றில் அக்கறையோடு நடப்பவை இருக்கின்றன. கட்டணம் கட்டிவிட்டுத் தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று நடப்பவையும் இருக்கின்றன. கற்பித்தல் பயிற்சிக்கு மாணவர்கள் தாம் படித்த பள்ளிக்கே போவது வழக்கம். தெரிந்த தலைமையாசிரியர், தெரிந்த வகுப்பறை. மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் பாடத்திட்ட ஏட்டில் கையெழுத்திடுவார். பயிற்சியின் பெரும்பகுதி பதிவேடு எழுதுவதிலும் சார்ட் வரைவதிலும் முடிந்துவிடும். எனவே, ஒரு மாநகராட்சிப் பள்ளியின் வகுப்பறையை அவர் முதன்முதலாகப் பார்ப்பது, அந்த வகுப்புக்கு அவரே முழுப்பொறுப்பாகும் நாளில்தான்.

அந்த நாளில் அவர் கையில் கொடுக்கப்படும் கால அட்டவணையில் ‘அறிவியல்’ என்று ஒரே சொல் இருக்கும். அவர் படித்தது விலங்கியல். நம் அரசுப் பள்ளிகளில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் பட்டதாரி ஆசிரியர்களை எடுக்கிறார்கள்; பள்ளிக்குள் வந்ததும் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லா அறிவியலும் எல்லோர் பொறுப்பும் ஆகிவிடுகிறது. விலங்கியல் படித்தவர் நியூட்டன் விதிகளையும் மின்சுற்றையும் நடத்த வேண்டும். இயற்பியல் படித்தவர் தவளையின் இதயத்தையும் வேர், தண்டின் உள்ளமைப்பையும் நடத்த வேண்டும். நல்ல ஆசிரியர் படித்துத் தயாராகிவிடுவார், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பாடத்தை நான்கு நாள் முன்னால் படித்து நடத்துகிறவர், பிள்ளை எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டுவிடுமோ என்ற அச்சத்தோடுதான் நிற்பார். அச்சம் இருக்கும் வகுப்பில் கேள்விக்கு இடம் சுருங்கும். விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எழுதிக்கொள்ளச் சொல்வது பாதுகாப்பான வழி ஆகிவிடும். இதை ஆசிரியரின் சோம்பல் என்று திட்டுவோர் அந்த இடத்தில் தாம் நின்றால் என்ன செய்வோம் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தின் நிலையும் இதோடு சேர்ந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. அந்த மதிப்பெண் தாராளமாகவே போடப்படுகிறது. சோதனைகள் தாராளமாக நடப்பதில்லை. நான் பார்த்த பல உயர்நிலைப் பள்ளிகளில் ஆய்வகம் என்பது பூட்டிய அலமாரி. உள்ளே வெர்னியர் அளவி இருக்கும், திருகு அளவி இருக்கும், பெயர்ச்சீட்டு அழிந்த புட்டிகள் இருக்கும். ஏதாவது உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் பொறுப்பாசிரியர் சாவியைக் கொடுக்கத் தயங்குவார். ஆய்வக உதவியாளர் இல்லாத பள்ளிகளில் நாற்பது பிள்ளைகளையும் சாராய விளக்கையும் அடர் அமிலத்தையும் புதியவர் ஒருவரே பார்த்துக்கொள்ள வேண்டும். எதில் எதை ஊற்றுவது, கண்ணாடிக் குழாய் வெடித்தால் என்ன செய்வது, ஒரு பிள்ளையின் கையில் பட்டுவிட்டால் முதல் நிமிடம் என்ன செய்வது என்பதெல்லாம் பக்கத்தில் ஒரு கைதேர்ந்தவர் நின்று காட்டித்தான் ஒருவருக்கு வரும். புத்தகத்தில் படித்து வருகிற துணிவு அல்ல அது.

இனி நகரம். சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் இன்று நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. கொஞ்சம் வசதி வந்த குடும்பங்கள் எல்லாம் தனியார் பள்ளிக்குப் போய்விட்ட நகரத்தில், இவற்றில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வேறு வழியே இல்லாதவர்களின் பிள்ளைகள். வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள், மீன் விற்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள். கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் இருப்பவர்கள் நகரின் நடுவிலிருந்து, ஆற்றங்கரையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள். பழைய இடத்தில் அப்பாவுக்கு வேலை, புதிய இடத்தில் பிள்ளைக்குப் பள்ளி என்று பிளவுபட்ட வீடுகள் அவை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள், வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு தமிழும் பேசிக்கொண்டு, பாடநூல் தமிழில் ‘உட்கரு’ என்றும் ‘முடுக்கம்’ என்றும் படிக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவருக்கு வறுமை புதிதல்ல. அவரே அதில் வளர்ந்தவர். இந்த வறுமையின் குணம்தான் அவருக்குப் புதிது. ஊரில் ஒரு பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் அந்தத் தெருவில் யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும். இங்கே அடுத்த வாரம் போனால் அந்த வீடே காலியாக இருக்கும். வடசென்னைப் பிள்ளை பேசும் தமிழின் வேகமும் உரிமையும் முதலில் அவருக்கு மரியாதைக் குறைவாகப் படும். அது அன்பின் பேச்சு என்று புரிய மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் எத்தனையோ தேவையில்லாத கோபங்கள் நடந்துவிடும். பழகிய ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்து, “அவன் அப்படித்தாம்மா பேசுவான், உன்மேல பாசம்தான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வாடகையும் சேர்த்துப் பேச வேண்டும். பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. ஊரில் அது கௌரவமான சம்பளம். சென்னையில் குடும்பத்தோடு வீடு எடுத்து, முன்பணம் கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தால் மாதக் கடைசியில் கையைப் பிசைய வேண்டியிருக்கும். எனவே பலர் குடும்பத்தை ஊரில் விட்டு, விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை இரவு பேருந்தைப் பிடிக்கிறார்கள். மாநகராட்சி தனி நிர்வாகம் என்பதால் சொந்த மாவட்டத்துக்கு மாறுதலும் எளிதில் கிடைப்பதில்லை. மனம் ஊரில், உடல் இங்கே என்று ஆசிரியர் இருந்தால் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும்.

இந்த நகரத்தில் அறிவியல் பாடம் எவ்வளவு உயிரோடு கிடக்கிறது என்பதை எண்ணினால் இழப்பின் அளவு இன்னும் தெளிவாகும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசடு முகத்துவாரத்தில் பரவி, வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியிருந்தது. அந்தக் குப்பத்துப் பிள்ளைகள் பள்ளி திறந்ததும் வகுப்புக்கு வந்திருப்பார்கள். அவர்கள் பாடநூலில் அம்மோனியா என்று ஒரு வாயு இருக்கிறது: காற்றைவிட இலேசானது, நீரில் எளிதில் கரையும், கரைசல் காரத்தன்மை உடையது, சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். கண் ஏன் எரிந்தது? கண்ணீரில் அது கரைந்ததால். மூக்கில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஓடச் சொன்னது ஏன்? அந்த ஈரத்திலும் அது கரையும் என்பதால். ஒரு குடுவையில் கொஞ்சம் நீர்த்த அம்மோனியாக் கரைசல், இரண்டு லிட்மஸ் தாள், அந்த இரவைப் பற்றிப் பிள்ளைகளைப் பேசவிடும் பொறுமை. இவ்வளவு இருந்தால் அன்று அந்த வகுப்பில் நடந்திருக்கக்கூடிய வேதியியல் பாடத்தை எந்த ஸ்மார்ட் போர்டும் தர முடியாது. அந்தப் பிள்ளைகள் தம் ஊருக்கு என்ன நேர்ந்தது என்று வாழ்நாள் முழுக்கத் தெளிவாகப் பேசக்கூடியவர்களாக வளர்வார்கள். அப்படிப் பாடம் நடத்த ஆசிரியருக்கு அந்தக் கரையைத் தெரிந்திருக்க வேண்டும். பாடத்திட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கும் துணிவும் வேண்டும். முதல் ஆண்டில் தனியாக விடப்பட்டவருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

சென்னையின் மறுபக்கத்தையும் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாய்வகம் எழுந்த நகரம் இது. அந்த இடத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. 1962-ல் தொடங்கி இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கிண்டியில் பாம்புப் பண்ணை, கோட்டூர்புரத்தில் கோளரங்கம், எழும்பூரில் அருங்காட்சியகம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வலசைப் பறவைகளைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் பேருந்து தூரத்தில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும், யாருக்குக் கடிதம் எழுத வேண்டும், பிள்ளைகளை அழைத்துப்போக யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை ஊருக்குப் புதியவருக்கு எவரும் சொல்லித்தருவதில்லை. இருபது ஆண்டு அங்கே வேலை பார்த்த ஒரு மூத்த ஆசிரியருக்கு இதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். அவர் ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது.

புதியவர் வெறுங்கையோடு வருவதாகவும் நான் சொல்லவில்லை. கிராமத்தில் வளர்ந்த விலங்கியல் பட்டதாரிக்கு ஏரியும் வயலும் தெரியும். நாற்று, பூச்சி, மண்புழு, ஆட்டின் பேறுகாலம் எல்லாம் கண்ணால் கண்டவை. மின்வெட்டு இரவில் முழு வானத்தைப் பார்த்தவர். சென்னைப் பிள்ளைகளில் பலர் பால்வீதியைப் பார்த்ததே இல்லை. மெட்ரிக் பள்ளியில் எட்டு ஆண்டு எடுத்த பாடமும் வீண் அல்ல. ஒரு வகுப்பை அமைதியாக வைத்திருக்கவும், தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தவும் அவருக்குத் தெரியும். இந்தப் பின்னணியைக் கேட்டறிந்து, எதைத் தக்கவைக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று பேசுகிற ஒருவர் அவருக்கு வேண்டும்.

பெருநகரப் பள்ளிகளுக்கு ஆசிரியரைத் தயார்ப்படுத்துவது என்பதை ஒரு தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொண்ட நாடு அமெரிக்கா. அங்கே இரண்டு வழிகள் பிரிந்தன. 1990-ல் தொடங்கிய ‘டீச் ஃபார் அமெரிக்கா’, நல்ல கல்லூரிகளில் படித்து முடித்த இளைஞர்களை ஒரு கோடைக்காலத்தில் சில வாரப் பயிற்சி கொடுத்து, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஏழைப் பிள்ளைகளின் வகுப்புக்கு அனுப்பியது. அவர்களின் ஆர்வத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒருவர் தொழில் கற்றுக்கொள்ளும் ஆண்டுகளின் விலையை அந்தப் பிள்ளைகள் கொடுத்தார்கள். கற்றுக்கொண்டதும் பலர் கிளம்பிவிட்டார்கள். இதற்கு மாற்றாக 2001-ல் சிகாகோவிலும் 2003-ல் பாஸ்டனிலும் வேறொரு முறை தொடங்கியது. ஆசிரியராக விரும்புகிறவர் ஒரு முழுக் கல்வியாண்டு, அதே நகரப் பள்ளியில், தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் அவரோடு சேர்ந்து வேலை செய்கிறார். முதலில் பார்ப்பார், பிறகு ஒரு பகுதியை நடத்துவார், ஆண்டின் பிற்பாதியில் முழு வகுப்பையும் ஏற்பார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் இங்கர்சால் நெடுங்காலம் ஆராய்ந்து சொன்னதும் இதையொட்டியதுதான். கணித, அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறைக்குப் பெருங்காரணம் ஆள் கிடைக்காமை அல்ல, வந்தவர்கள் தங்காமை. முதல் ஆண்டில் துணை கிடைத்தவர்கள் அதிகம் தங்குகிறார்கள் என்றார் அவர். நம் ஊரில் அரசு வேலையை யாரும் விட்டுப் போக மாட்டார்கள். ஆனால், மனம் விட்டுப்போவது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் முன்னெடுத்தன. பின்னர் ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றது. பிள்ளைகள் சோதனை செய்துதான் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் போன்றவற்றைக் கொண்டே அறிவியல் கருவிகளைச் செய்து காட்டி நாடறிந்தவரான அரவிந்த் குப்தா, ஐஐடி படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு வழி கண்டுகொண்டது அங்கேதான். பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்தத் திட்டம் கருவிப் பெட்டியை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கோடையில் கூடிப் பயின்றார்கள். மாதந்தோறும் கூடித் தம் வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். பள்ளிக்கு ஆட்கள் வந்து கூடவே நின்றார்கள். ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகள் வரை அது பரவியது. 2002-ல் மாநில அரசு அதை மூடியது. ஆசிரியருக்கு ஆசிரியர் துணை நின்றால் கிராமத்து அரசுப் பள்ளியிலும் உயர்ந்த அறிவியல் நடக்கும் என்பதை முப்பது ஆண்டுகள் நடத்திக் காட்டிய பிறகு அது மூடப்பட்டது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

தமிழ்நாட்டில் முயற்சிகளே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1980-ல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ இதழ் வழியாகவும் குழந்தைகள் அறிவியல் மாநாடுகள் வழியாகவும் எத்தனையோ ஆசிரியர்களை உருவாக்கியிருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’, 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எளிய சோதனைகளைக் கொண்டுபோகிறது. சென்னை மாநகராட்சியில் பிரான்ஸ் நாட்டு வளர்ச்சி முகமையின் உதவியோடு 28 பள்ளிகள் புதுக்கட்டடமும் நவீன வசதிகளும் பெற்றன. இவை எல்லாம் பிள்ளைகளை நோக்கியவை, அல்லது கட்டடத்தை நோக்கியவை. வெளியிலிருந்து வரும் கருத்தாளர் இரண்டு மணி நேரம் சோதனை காட்டிவிட்டுப் போனபின் வகுப்பில் நிற்பவர் அந்த ஆசிரியர்தான். ஆசிரியர்களுக்குக் குறுவள மையக் கூட்டங்கள் நடக்கின்றன. அவை எல்லோருக்கும் பொதுவானவை. சுற்றறிக்கையும், கல்வித் துறையின் ‘எமிஸ்’ தளத்தில் தகவல் பதிவேற்றமும் அவற்றின் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. நியமனத்தை ஒட்டிச் சில நாள் அறிமுகப் பயிற்சி நடப்பதுண்டு. சில நாட்களில் வரக்கூடியது இல்லை இந்தத் தொழில்.

இதற்கிடையில் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் ஆசிரியர் அறைகளில் பேச்சு முழுவதும் தேர்வு பற்றியே. இருபது ஆண்டு வகுப்பெடுத்தவர்கள் மதிய இடைவேளையில் வினா வங்கியைப் புரட்டுகிறார்கள். புதியவருக்குக் கைகொடுக்க வேண்டியவர்களையும் தேர்வு பிடித்துக்கொண்டது.

என் கோரிக்கை இதுதான். நகரப் பள்ளிகளுக்கு நியமிக்கப்படும் அறிவியல் ஆசிரியருக்கு முதல் கல்வியாண்டில் பாதி வகுப்புகள் மட்டும் கொடுங்கள். மீதி நேரத்தில் அவர் ஒரு மூத்த ஆசிரியரின் வகுப்பில் இருக்கட்டும். அவர் வகுப்பில் மூத்தவர் வந்து இருக்கட்டும். முழு ஊதியத்தோடு, பணி மூப்பில் எந்தக் குறையும் இல்லாமல். எம்பிபிஎஸ் முடித்தவர்கூட ஓர் ஆண்டு மருத்துவமனையில் பெரிய மருத்துவரின் கண்ணெதிரே வேலை செய்த பிறகே தனியாக நோயாளியைத் தொடுகிறார். நாற்பது பிள்ளைகளின் அறிவியல் அதற்குக் குறைந்த பொறுப்பல்ல. விலங்கியல் படித்தவருக்கு இயற்பியல் ஆசிரியர் ஒருவரையும், இயற்பியல் படித்தவருக்கு உயிரியல் ஆசிரியர் ஒருவரையும் இணைத்துவிட்டால் இருவருக்கும் பயன். அந்தப் பள்ளியில் ஆள் இல்லையென்றால் அடுத்த பள்ளியில் பார்க்கலாம். சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இடையே தூரம் அதிகமில்லை. ஓய்வுபெற்ற நல்ல அறிவியல் ஆசிரியர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மதிப்பூதியம் கொடுத்து அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

ஏற்கனவே காலிப்பணியிடங்கள் கிடக்கும்போது பாதி வகுப்பை யார் எடுப்பது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. பணியிடம் நிரம்பாத ஆண்டுகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மாதம் 15,000 ரூபாய்க்குத் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியர்களை வைத்துச் சமாளித்தோம். அப்படிப் பல ஆண்டு சமாளிக்கத் தெரிந்த நமக்கு, சரியான ஆசிரியர் கிடைத்தபின் ஓர் ஆண்டு அரைச்சுமையைச் சமாளிக்கத் தெரியாதா? அந்தத் தற்காலிக ஆசிரியரை மேலும் ஓராண்டு தக்கவைத்தாலே போதும். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடத்தை எட்டும் பிள்ளையின் அறிவியல் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. அங்கே நிற்பவருக்குச் செலவிட யோசிப்பதில் பொருளில்லை.

பள்ளிக்கு வரும் பிள்ளை யார், அதற்கு என்ன தேவை என்று பார்த்துத் திட்டம் வகுக்கும் மரபு இந்த மாநகராட்சிக்கு நூறாண்டுப் பழையது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு போடத் தொடங்கியது இங்கேதான். நாடே பின்னால் அதைப் பின்பற்றியது. ஆசிரியருக்கான முதல் ஆண்டையும் மாநில அரசுக்காகக் காத்திராமல் மாநகராட்சியே தொடங்கலாம். ஒரு மண்டலத்தில், இருபது பள்ளிகளில், வரும் ஜூனில் தொடங்கலாம். அடுத்த முறை கொடுக்கும் நியமன ஆணையில் பள்ளியின் பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தால் போதும்: அந்த ஆண்டு முழுக்க அவரோடு நிற்கப்போகும் மூத்த ஆசிரியரின் பெயரும், ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும்.